ஆகஸ்ட் 15: மிட்டாயோடு வீடு திரும்பாமல் இருக்க ஒரு வழி

கொடிக்குள் பூவிதழ்களை மடித்துவைத்து, கயிற்றைச் சுண்டியதும் அவிழும்படி முடிச்சுப் போடுவதில் எங்கள் ஊராருக்கு இணையில்லை. அந்த அக்கறையில் பாதியைக் கிராம சபைக்குக் காட்டியிருந்தால் தெருக்குழாயில் தண்ணீர் வந்திருக்கும். 1947-இலேயே இந்த நாளைத் துக்க நாள் என்றார் பெரியார், அண்ணா ஏற்கவில்லை. அந்தப் பெரிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. மிட்டாய் கொடுத்த கையோடு கூட்டம் ஏன் கலைகிறது என்பதுதான் என் கேள்வி.

கலையாதீர்கள். தமிழ்நாட்டில் அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர். மனுவை முதல் நாளே இரண்டு பிரதிகள் எழுதிவிடுங்கள். ‘குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்கவும்’ என்று பொத்தாம் பொதுவாக வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் குழாய், எப்போதிலிருந்து என்று எழுதி, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேட்டால், “ஒட்டியிருக்கிறோமே” என்பார்கள். வாசிக்கச் சொல்லுங்கள்.

முக்கியமானது, வந்தவர்களின் கையெழுத்தும் தீர்மானங்களும் ஏறும் பதிவேடு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 50 பேர் வர வேண்டும். 10,000 பேரைத் தாண்டினால் 300. அந்தக் கணக்கை நிரப்பத்தான் நூறு நாள் வேலைப் பெண்களிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்குவார்கள், சில சமயம் மேலே ஒரு வரிகூட எழுதாத பக்கத்தில். தீர்மானத்தை எழுதி, உரக்க வாசித்த பிறகே பேனாவைத் தொடுங்கள். எழுத மறுத்தால் சண்டை வேண்டாம். தீர்மான நகல் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.