சாயங்காலம் ஏறும் கார்பன் டை ஆக்சைடு: லேசரை வைத்துப் பிளாஸ்மாவை அளப்பவர்களுக்கு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடை விட்டு, மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கி (அயனியாகிய வாயு), கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறோம். எவ்வளவு மிச்சம் என்பதை, குழாய் வழியே போகும் லேசர் ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்து அளக்கிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு வரைபடத்தோடு ஓடி வந்தான். "அண்ணா, காலையில கார்பன் டை ஆக்சைடு கம்மியா இருக்கு, பிளாஸ்மா ஓட ஓட ஏறிக்கிட்டே போகுது!" முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் எட்டு வருடத்துக்கு முன்னால் அச்சு அசல் இதே படத்தை நானும் போட்டிருக்கிறேன்.

லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பம்ப்பில் ஆயில் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் மற்றவற்றுக்கு வருகிறேன்.

குழாய்க்கு வெளியே இருக்கும் காற்று

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு 4.26 மைக்ரோமீட்டர் பக்கத்தில் அகச்சிவப்பு ஒளியை அப்படியே விழுங்கும். எங்கள் பிளாஸ்மா குழாய் 20 சென்டிமீட்டர்தான். லேசரிலிருந்து டிடெக்டர் வரை மீதி ஒரு மீட்டரும் அறைக் காற்று. அதில் பத்து லட்சத்துக்கு 420 பங்குதானே என்று தள்ளிவிடாதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த ஒரு மீட்டர் காற்றில் ஒளி சந்திக்கும் மூலக்கூறுகளும், குழாயில் 2 மில்லிபார் சுத்த வாயுவில் சந்திப்பவையும் ஏறக்குறைய சமம்.

மூலக்கூறு ஒளியை விழுங்குவது குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும்தான், அவற்றைக் கோடுகள் என்போம், திரையில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளமாகத் தெரியும். பலமான கோடுகளில் அறைக் காற்றே ஒளியை முழுக்கத் தின்றுவிடுகிறது என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதனால் புத்திசாலித்தனமாக ஓரத்தில் இருக்கும் பலவீனமான கோடுகளுக்குப் போனேன். அங்கே காற்றின் பள்ளம் லேசானது, காலையில் குழாயை வெற்றிடமாக்கி ஒரு பேஸ்லைன் (ஒப்பிடுவதற்கான வெற்று அளவீடு) எடுத்து நாள் முழுக்க அதால் வகுத்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் சென்னையில் எந்த ஆய்வகம் ஜன்னலைத் திறந்து வைக்கிறது? ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடும், உள்ளே நான்கைந்து பேர், ஒவ்வொருவர் விடும் மூச்சிலும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், அதாவது வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு. காலை பேஸ்லைனுக்குப் பதினோரு மணிக்கே மதிப்பில்லை.

மூன்று மாத அளவீடு அப்படிப் போனது. பிடிபட்டதும் தற்செயல்தான். ஒரு நாள் கரண்ட் போனது, பிளாஸ்மா அணைந்தது, லேசரும் டிடெக்டரும் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடின. புழுக்கம் தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். குழாயின் இரண்டு வால்வும் மூடியிருக்க, திரையில் பள்ளம் மெல்ல மெல்லச் சுருங்கியது. இவ்வளவு நாளும் நான் அளந்தது அறையில் இருந்த ஆட்களை!

இதைவிட எரிச்சல், ஃபிட் (அளவீட்டோடு கணக்கிட்ட வளைவைப் பொருத்துவது) பார்க்க அழகாகவே இருந்தது. அறைக் காற்றின் கோடு குழாய்க்குள் இருக்கும் கோட்டைப் போல முப்பது மடங்கு அகலம், அதில் பாதியைப் பின்னணிக்கான பல்லுறுப்புக்கோவை விழுங்கிக்கொள்ளும், மீதி குழாயின் கணக்கில் ஏறும். அறைக் காற்று 300 கெல்வின் என்பதால் வாயுவின் வெப்பநிலையும் இறங்கித் தெரியும், கார்பன் மோனாக்சைடாக மாறியது குறைவு என்றும் காட்டும். இரண்டு பிழையும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதால் சந்தேகமே வராது.

சரி, என்ன செய்வது? பாதை முழுவதையும் அக்ரிலிக் பெட்டிக்குள் அடக்கி நைட்ரஜன் விடுங்கள். முழுவதையும் என்றால் லேசர் பெட்டியின் உட்புறம், டிடெக்டருக்கு முன்னால் இருக்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, எல்லாம். (வெளியேறும் நைட்ரஜனைக் குழாய் வைத்து அறைக்கு வெளியே விடுங்கள், மூடிய ஏசி அறையில் அது மூச்சுக்கான ஆக்சிஜனைக் குறைத்துவிடும், விளையாட்டல்ல.) அப்புறம் மணிக்கொரு தடவை குழாயை வெற்றிடமாக்கிப் பாருங்கள், அப்போதும் திரையில் பள்ளம் இருந்தால் அது வெளியே இருக்கிறது. பிளாஸ்மா அணைத்தும் எரித்தும் எடுத்து வகுத்தால் காற்று தானே அடிபடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த இடைவெளியில் அறை மாறாவிட்டால் அடிபடும்தான், ஆனால் ஒளியே வராத இடத்தில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து என்ன கிடைக்கும்?

ஒரே வெப்பநிலை என்று நினைப்பது

இந்தப் பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் பத்தாயிரம் கெல்வினைத் தாண்டியிருக்கும், மூலக்கூறின் சுழற்சி சில நூறில் நிற்கும், அதிர்வு இரண்டுக்கும் நடுவே எங்கோ. மூலக்கூறுகளின் கோடுகளைப் பட்டியலிடும் ஹைட்ரான் (HITRAN) தரவுத்தளம் தரும் கோட்டு வலிமைகள் 296 கெல்வினில், வெப்பச் சமநிலையில் இருக்கும் வாயுவுக்கானவை. சுழற்சிக்கும் அதிர்வுக்கும் தனித்தனி வெப்பநிலை கொடுக்காமல் ஒரே எண்ணைப் போட்டால் கணினி மறுக்காது, ஏதாவது ஒன்றைத் துப்பிவிடும். குழாயின் இரு முனையிலும் பிளாஸ்மா எட்டாத குளிர்ந்த வாயு இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியம் புரோமைடு விண்டோ

ஒளி குழாய்க்குள் நுழைந்து வெளியேறும் ஜன்னலை இதில் செய்வார்கள். ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் பொருள், சென்னையிலா? வேண்டாம். கால்சியம் ஃப்ளூரைடு வாங்குங்கள்.

இணையான பரப்புகள்

விண்டோவைச் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் பரப்புகளுக்கிடையே ஒளி எதிரொளித்து அலை அலையாக வருவதைக் கோடு என்று எண்ணுவீர்கள்.

திரவ நைட்ரஜன்

டிடெக்டரைக் குளிர்விப்பது இதுதான், சாப்பாட்டுக்குப் போகும் முன் டிடெக்டரில் ஊற்றிவிட்டுப் போங்கள். அந்தத் தம்பி நேற்று மறந்துவிட்டான்.