காதில் குரலோடு பத்மநாபபுரம்

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை விடுமுறை. மற்ற நாட்களில் கூட்டம் சேருமுன் காலையிலேயே தக்கலை வந்துவிடுங்கள். அரண்மனையை விளக்கும் ஒலி வழிகாட்டிக் கோப்புகளை முன்னிரவே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், கட்டடத்துக்கு ஒன்றாக. நிற்கும் இடத்துக்கேற்பத் தானாக மாறும் வகை வேண்டாம்: கூரைக்குள் ஜிபிஎஸ் தடுமாறி, உணவுக்கூடமான ஊட்டுப்புரையில் நிற்கும்போது நாடகசாலையைப் பற்றிப் பேசும்.

செருப்பை வாசலில் விட வேண்டும். இயர்போன் ஒரு காதில் போதும்; தாழ்ந்த வாசல் நிலைகளில் தலை இடிக்கும், காவலர் சொல்வது கேட்க வேண்டும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஒலியை நிறுத்துங்கள். மைக்கா பதித்த சாளரம் வழியே விழும் வெளிச்சத்தில் அந்தக் கறுத்த தரை மின்னுவதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பலர் அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். கோட்டைக்குள்ளேயே ராமசாமி கோயிலின் ராமாயண மரச்சிற்பங்கள் இருக்கின்றன. பிறகு புலியூர்குறிச்சிக்குப் போங்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கிய டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கே உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது.