பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
தென்னாப்பிரிக்கக் கடலோர நகரமான டர்பனின் உப்புக் காற்றில் சக்கர நட்டுகள் துருவேறி இறுகிவிடுவதால், வீட்டிலேயே கார் பழுது பார்ப்பவர்கள் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் (அடித்தடித்து நட்டைச் சுழற்றும் மின்கருவி) வாங்கும்போது, சுழலும் வேகத்தைவிட நட்டைக் கழற்றும் முறுக்குவிசையையே முதலில் பார்க்க வேண்டும். பல கார்களின் நட்டுகள் சுமார் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை இறுக்கப்படுகின்றன. துருவேறியவற்றைக் கழற்ற அதைவிட மிகுதியாகத் தேவைப்படும் என்பதால், 18 வோல்ட் பேட்டரியும் அரை அங்குலச் சதுர முனையும் கொண்ட, 300 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத கருவியையே நான் பரிந்துரைப்பேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டு முற்றத்தில், இந்த ரெஞ்சின் முனையில் நட்டைப் பிடிக்க மாட்டிய குரோம் பூசிய சாதாரண சாக்கெட் ஒன்று விளிம்பிலிருந்து கீறலிட்டுப் பிளந்தது. அதனால், அடியைத் தாங்கும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டுகளை மட்டுமே பொருத்துங்கள். மின்வெட்டை எண்ணி, இரண்டு பேட்டரிகள் வைத்திருப்பது நல்லது. மாட்டும்போது நட்டைக் கையால் புரியில் ஏற்றி, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் கைக்கருவி) இறுக்குங்கள்.