மூடி மூடுகிற வரைக்கும்
வீட்டில் பொருட்களைக் குறைத்த வேகத்தில் பண்டிகை அலங்காரங்களையும் கொடுத்துவிட்டேன். விடுமுறை வந்ததும் மகள் கேட்டாள்: "நம்ம வீட்டுக்கு மட்டும் பண்டிகை வராதாம்மா?" சுருக்கென்றது. குறைக்க ஆசைப்பட்டது நான்தானே, அவள் இல்லையே.

அப்புறம் ஒரே ஒரு பெட்டி வைத்தோம். மூடி மூடுகிற வரைக்கும் எதையும் வைக்கலாம். எதை என்பது பிள்ளைகள் முடிவு. 11 மாதம் பரணில் கிடப்பதால், அதை இறக்கும் நாளே பாதிப் பண்டிகை. காகிதச் சங்கிலியை அவர்களே ஒட்டுகிறார்கள், முடிந்ததும் மறுசுழற்சிக்குப் போகிறது. (ஜிகினாத் தூள் வேண்டாம். ஒட்டினால் அந்தக் காகிதம் மறுசுழற்சிக்கு ஆகாது, வீடு முழுக்கவும் பரவும்.)

பரிசுகள்தான் கஷ்டம். "எதுவும் வாங்காதீங்க" என்றதில் தாத்தா பாட்டிக்கு வருத்தம். "ஆளுக்கு ஒன்று, பிள்ளைகளைக் கேட்டு" என்றதும் ஒப்புக்கொண்டார்கள். என் மாமா மட்டும் இன்னும் பெரிய பொம்மையோடுதான் வருகிறார். சரி, வரட்டும்.