குடத்தில் தண்ணீர் இருக்கிறதா? கையால் வரையும் அனிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பையன் தன் முதல் அனிமேஷனைக் காட்ட வந்தான். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான் காட்சி. 62 படங்கள். ஒவ்வொன்றிலும் புடவைக் கரையில் மாங்காய் மாங்காயாக வரைந்து, ஜரிகைக்குத் தனி நிறம் கொடுத்திருந்தான். ஓட்டிப் பார்த்தோம். கரை அருமை. பெண்தான் திரும்பவில்லை. கழுத்தில் திருகாணி வைத்த மாதிரி தலை மட்டும் சுழன்றது. "அக்கா, மூவ்மென்ட்டை அப்புறம் சரி பண்ணிக்கலாம்ல?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பென்சிலைக் கூராக வைத்துக்கொள், கை வியர்வை படாமல் கீழே ஒரு தாளை வை என்கிற சங்கதிகள் எல்லாம் ஒரு வாரத்தில் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பெக் பாரில் காசு மிச்சம் பிடிப்பது

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே 1911-ல் தன் முதல் அனிமேஷன் படத்துக்குச் சுமார் 4,000 படங்கள் வரைந்தபோது, தாள்களை நகராமல் பிடித்துவைக்கும் முளைப் பட்டையான பெக் பார் கிடையாது. தாளின் மூலைகளில் கூட்டல் குறி போட்டு, அதை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துத்தான் தாள்களைப் பொருத்தினார். சில வருடங்களில் நியூயார்க்கில் ராவுல் பாரே தாளில் துளை போட்டு முளையில் மாட்டுகிற வழியைக் கொண்டுவந்தார். இன்று நாம் வைத்திருப்பது நடுவில் ஒரு உருண்டை முளை, இருபுறமும் இரண்டு தட்டை முளை. அது வாங்க மனசில்லாமல் ஆபீஸ் பஞ்சில் இரண்டு ஓட்டை போட்டு ஆரம்பிப்பவர்கள் உண்டு. நாலு நாள் தாளை ஏற்றி இறக்கினால் ஓட்டை தளர்ந்துவிடும். அப்புறம் அசைவு ஆடுகிறதா, தாள் ஆடுகிறதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## இன்பிட்வீன் என்றால் நேர்நடு என்று நினைப்பது

அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படங்கள் கீ, அவற்றுக்கு இடையே நிரப்புகிறவை இன்பிட்வீன். ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் ஒரு கீ, வலது கோடியில் ஒரு கீ. புதிதாக வருபவர் அடியில் விளக்கு எரிகிற லைட் பாக்ஸில் இரண்டையும் மேலே மேலே வைத்து, இரண்டு பலகைக்கும் நட்ட நடுவில் மூன்றாவது பலகையை வரைவார். அளந்து பாருங்கள், சங்கிலி குட்டையாகியிருக்கும்! ஊஞ்சல் போவது வளைவில். நடுப்படத்தில் பலகை தாழ்ந்து வரவேண்டும்.

இது பாதிதான். படங்களைச் சம இடைவெளியில் வைத்தால் ஊஞ்சல் ஒரே வேகத்தில் போய்ச் சுவரில் முட்டியது போலத் திரும்பும். நிஜ ஊஞ்சல் இரண்டு கோடியிலும் தயங்கும், நடுவில் பாயும். அதனால் கோடிகளில் படங்கள் நெருக்கமாக, நடுவில் விலகி நிற்க வேண்டும். தாளின் ஓரத்தில் ஏணிப்படி மாதிரி ஒரு சார்ட் போடுவார்களே, அது இதற்குத்தான். தலை திரும்புவதும் ஊஞ்சல்தான். இடமிருந்து வலம் திரும்புகிற முகம் நடுவில் கொஞ்சம் தாழ்ந்து எழும். அந்த நடுப்படத்துக்குப் பெயர் ப்ரேக்டவுன். அதை இன்பிட்வீனோடு சேர்த்துக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால்தான் திருகாணிக் கழுத்து வருகிறது.

## ஓட்டிப் பார்க்காமல் க்ளீன்-அப் செய்வது

ரஃப் கோட்டைத் துலக்கி முடிப்பதுதான் க்ளீன்-அப். காசையும் நாளையும் தின்கிற தவறு இதுதான். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காததும் இதில்தான்.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் இன்பிட்வீனராகச் சேர்ந்து இரண்டாவது வருடம், முதல் முறையாக ஒரு காட்சியை முழுசாக என் கையில் கொடுத்தார்கள். ஒரு பாட்டி கிணற்றடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு நம்மைப் பார்த்து நடந்து வருகிறாள். எட்டு விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 96 படங்கள். கிட்டே வர வரப் பாட்டி பெரிதாகிறாள். அதனால் ஒரே நடையைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒப்பேற்ற வழியில்லை, மொத்தத்தையும் வரைந்தாக வேண்டும்.

ரஃபாக நான்கு படம் போட்டேன். நன்றாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே தாள் தாளாக முடித்துக்கொண்டு போனேன். குடத்துக் கழுத்தில் வளையம், காதில் பாம்படம், முந்தானையில் மடிப்பு. ரஃப் படங்களை கேமராவில் எடுத்து ஓட்டிப் பார்க்கிற லைன் டெஸ்ட்டுக்கு எப்போதும் வரிசை நிற்கும். அதில் நின்று நேரத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினாறு நாள் வேலை. முடித்த தாள்களை அடுக்கி எடுத்துப் போய் ஓட்டினோம். என் சீனியர் ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"படமெல்லாம் அழகா இருக்கும்மா. குடத்துலதான் தண்ணி இல்ல."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. பாட்டியின் தலை ஏறி இறங்கவே இல்லை, வண்டியில் வைத்துத் தள்ளியது போல வழுக்கிக்கொண்டு வந்தது. கனம் சுமக்கிறவர்கள் அடி வைத்ததும் முழங்கால் மடங்கி உடம்பு ஒரு தரம் அமிழும். கனம் கூடக் கூட அந்த அமிழ்தலில் அதிக நேரம் தங்கும். குடம் இருக்கிற இடுப்பு வெளியே தள்ளும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கிற கை தள்ளி நின்று சமன் தேடும். என் பாட்டி கோயிலுக்குப் போவது போல நிமிர்ந்து வந்தாள். வேகமும் தப்பு. ஓர் அடிக்கு 12 ஃபிரேம் கொடுத்திருந்தேன். அது வெறுங்கையோடு நடக்கிறவர் நடை. அந்தக் குடத்துக்கு 16 வேண்டும். எட்டு விநாடியில் 12 அடி வைக்க வேண்டியவள் 16 அடி வைத்துவிட்டாள். அடிகளின் எண்ணிக்கையே தப்பு என்றால் எந்தத் தாளிலும் கால் சரியான இடத்தில் இல்லை என்றுதானே அர்த்தம்? 96-ல் ஒன்றுகூடத் தேறவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எத்தனை படம் தேவைப்பட்டிருக்கும்? ஓர் அடிக்கு நான்கு: கால் தரையைத் தொடுவது, அமிழ்வது, ஒரு காலை மறுகால் கடப்பது, எழும்புவது. இரண்டு அடிக்கு எட்டு. முகம் வேண்டாம், பாம்படம் வேண்டாம், குச்சி உடம்பும் முட்டைத் தலையும் போதும். அரை நாள் வேலை.

பதினாறு நாள் போனதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. நான் அந்தத் தாள்களைத் தூக்கிப் போடவில்லை. இன்னும் நான்கு நாள் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். இந்தத் தாளில் தலையைக் கொஞ்சம் இறக்கினேன், அந்தத் தாளில் முழங்காலை மடக்கினேன். துலக்கி முடித்த கோட்டைக் கிழிக்க யாருக்கும் மனசு வராது. ரஃப் தாள் என்றால் கசக்கி எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். க்ளீன்-அப் ஆன தாளுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவோம். "அவ்வளவு மோசமில்லை" என்று கண்ணே பொய் சொல்லும்.

முன்னோடிகளுக்கு இது தெரிந்திருந்தது. மெக்கே தன் படங்களை கேமராவுக்கு அனுப்பும் முன், படங்களைப் புரட்டிக் காட்டும் முட்டோஸ்கோப் பெட்டி போலக் கையால் சுற்றுகிற ஒரு கருவியில் அடுக்கி, அசைவு சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். 1914-ல் 'கெர்ட்டி' டைனோசருக்குச் சுமார் 10,000 படங்கள். பின்னணியைத் தனியாக வைத்து மேலே ஆளை மட்டும் மாற்ற உதவும், ஊடுருவித் தெரிகிற செல் தாள் அவர் கையில் இல்லை. பின்னாலிருக்கும் பாறையையும் மரத்தையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டும். அதை நகலெடுக்க ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞரை வைத்துக்கொண்டார். அசைவு தப்பினால் டைனோசரோடு மலையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அதனால்தான் மனிதர் அத்தனை ஜாக்கிரதை. முக்கிய நிலைகளை முதலில் வரைந்துவிட்டு, இடைவெளியைப் பாதி பாதியாகப் பிரித்து நிரப்பினார். கெர்ட்டி மூச்சு விடுகிற நேரத்தைத் தன் மூச்சைக் கடிகாரம் வைத்து அளந்து பிடித்தார். 1930-களில் டிஸ்னி ஸ்டூடியோவில் பென்சில் டெஸ்ட்டை (நம் லைன் டெஸ்ட்தான்) பார்க்கிற சின்ன, காற்றில்லாத அறைக்கு 'ஸ்வெட் பாக்ஸ்' என்றே பெயர் விழுந்தது. புழுக்கத்தில் மட்டுமா வியர்த்திருக்கும்? அங்கே தேறிய ரஃப்தான் க்ளீன்-அப் செய்பவர் மேசைக்குப் போகும்.

செய்முறை சுலபம். போனை ஸ்டாண்டில் கவிழ்த்து நிறுத்துங்கள், தாளுக்கும் போனுக்கும் இடையே எதுவும் அசையக்கூடாது. முதலில் கீ படங்களை மட்டும் எடுங்கள். அடுத்த கீ வரும்வரை எத்தனை ஃபிரேமோ அத்தனை ஃபிரேம் ஒவ்வொன்றையும் நிறுத்தி ஓட்டுங்கள். படம் வெட்டி வெட்டிப் போகும், போகட்டும். நேரம் சரியா என்று தெரிந்துவிடும். பிறகு ப்ரேக்டவுன் சேர்த்து மறுபடி. அப்புறம்தான் இன்பிட்வீன். ஒவ்வொரு கட்டத்திலும் அனிமேஷன் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். நான் அம்மாவிடம் காட்டுவேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "காலிக் குடத்தையா இவ்வளவு அலுங்காமத் தூக்கிட்டு வரா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அதோடு அந்த டெஸ்ட் முடிந்தது.

எங்களுக்காவது கேமரா வரிசை ஒரு சாக்கு. டேப்லெட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஓடுகிறதே, அதைத் தட்டாமல் ஜரிகை போடுகிறவர்களை என்ன சொல்ல? அந்தப் பையனிடம் ஐந்து தாளைக் கொடுத்தேன். முகமில்லாத முட்டைத் தலை மட்டும் போடு, கண் இருக்கும் இடத்தைக் கோடாகக் காட்டு, முதலில் கண்கோடு போகட்டும், தலை தாழ்ந்து பின்னால் வரட்டும், தோள் கடைசியில் என்றேன். நாற்பது நிமிடத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். புடவையே இல்லாமல், வெறும் முட்டையும் சுரைக்காயுமாக. அவன் அதை ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தான். 62 படத்தையும் அழித்தானா என்று நான் கேட்கவில்லை.

## பேன் ஷாட்டில் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம்

ஆளோடு சேர்ந்து கேமரா பக்கவாட்டில் நகர்கிற பேன் ஷாட்டில் இது வேண்டாம். பின்னணி ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகரும்போது ஆள் மட்டும் ஒன்று விட்டு ஒன்று நகர்ந்தால் கால் தரையில் நடுங்கும். ஃபிரேமுக்கு ஒரு படம் வரையுங்கள்.

## வீடியோவை அப்படியே தேய்த்து எடுப்பது

இதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. மேக்ஸ் ஃப்ளெய்ஷர் 1915-ல், நிஜ ஆளைப் படம் பிடித்து அதன் மேல் தேய்த்து வரைகிற ரோட்டோஸ்கோப்புக்கு விண்ணப்பித்து 1917-ல் காப்புரிமை வாங்கினார். தம்பி டேவுக்குக் கோமாளி உடை போட்டு ஆடவிட்டுப் படம் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாகத் தாளுக்குக் கொண்டுவந்தார். கோகோ கோமாளி பிறந்தது அப்படித்தான். இன்று போன் வீடியோவை வைத்து அதையே செய்கிறவர்களின் படங்களில் ஆள் தண்ணீருக்குள் நடப்பது போல மிதப்பதைப் பார்க்கலாம். நிஜ உடம்பு ஒரு கணமும் சும்மா இருக்காது, அந்தச் சின்னச் சின்ன அலம்பல்களும் கோட்டில் வந்து விழுந்துவிடும். வீடியோவைப் பத்து தடவை பாருங்கள், கால் எங்கே ஊன்றுகிறது, எத்தனை ஃபிரேம் தங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூடிவைத்துவிட்டு வரையுங்கள்.

## பழைய படங்களைத் தப்பு வேகத்தில் பார்த்துவிட்டுச் சிரிப்பது

"அந்தக் காலத்துப் படம் எல்லாம் குதித்துக் குதித்து ஓடுதே" என்பார்கள். மௌனப் பட காலத்தில் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுற்றினார்கள், விநாடிக்கு ஏறக்குறைய 16 ஃபிரேம். 24 என்பது பேசும் படத்தோடு நிலைத்த கணக்கு. 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகத்தானே ஓடும்? சரியான வேகத்தில் வைத்துப் பாருங்கள். எமில் கோல் 1908-ல் செய்த 'ஃபாண்டாஸ்மகோரி'யில் சுமார் 700 படங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுத்தார். இரண்டிரண்டாக வரைகிற சிக்கனம் அப்போதே இருந்திருக்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டு நெகட்டிவ்வாகக் காட்டியதால் கரும்பலகையில் சாக்பீஸ் ஓடுவது போலத் தெரியும்.

அதற்கும் முன்னால், 1892 அக்டோபர் 28-ல், பாரிஸின் க்ரெவாங் மியூசியத்தில் எமில் ரெய்னோ கையால் தீட்டிய படங்களைத் திரையில் ஓட்டினார். லூமியேர் சகோதரர்களின் சினிமாக் காட்சிக்கு மூன்று வருடம் முந்தியது அது. அன்று காட்டிய 'போவ்ர் பியரோ' என்ற கதைக்கு 500 படங்கள்தான். ஆனால் சுமார் பதினைந்து நிமிடம் நடத்தினார். எப்படி என்றால், சுருளைக் கையால் முன்னும் பின்னும் சுற்றி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓட்டி. டைமிங் என்று நாம் எக்ஸ்-ஷீட்டில் (எந்தப் படம் எந்த ஃபிரேமில் என்று குறிக்கும் அட்டவணையில்) எழுதுவதை அவர் மணிக்கட்டில் வைத்திருந்தார்.

## எக்ஸ்-ஷீட்டையும் தாள் எண்ணையும் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்பது

போட மாட்டீர்கள். அதுவும் ஃபேன் ஓடுகிற அறையில்.