தோட்டத்துக் குடும்பங்கள் உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் முடிந்த வாரம் ஒரு தங்கச்சி பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையில் கோயில் மண்டபத்து ஓரமாக ஞாயிறுதோறும் மேசை போட்டு, யார் வந்தாலும் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தருகிறேன். ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். டின்னுக்குள் புருஷனின் இறப்புப் பத்திரம், மூன்று பிள்ளைகளின் சூரா பெரானாக் எனும் பிறப்புப் பத்திரம், ரப்பர் பேண்ட் போட்ட சம்பளச் சீட்டுகள். "டீச்சர், கெபாஜிக்கான்ல ஏதாச்சும் வாங்கிக் குடுங்க. எட்டு மாசமா அலையிறேன்" என்றாள். கெபாஜிக்கான் என்றால் அரசின் சமூக நல இலாகா.

சம்பளச் சீட்டில் ஒரு சின்ன வரி இருந்தது: சொக்சோ பிடித்தம், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குக் கட்டும் சந்தா. அவள் கணவர் செம்பனை ஆலைக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர். வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகத்தான் கணக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பணம் தர வேண்டிய இடம் சொக்சோ. எட்டு மாதமாக அவள் வேறொரு வாசலில் நின்றிருக்கிறாள்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். "ஏதாவது உதவி" என்று பொதுவாகக் கேட்பது. இதில் நம் மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரிச் சீட்டு, முன்பணம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆபீஸ், ஒரே கிராணி (எழுத்தர்). தோட்டம் துண்டாடப்பட்டு தாமான் என்ற குடியிருப்புக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மோடு வந்துவிட்டது. ஆனால் இங்கே ஒவ்வொரு தேவைக்கும் ஒரு வாசல். வருமானம் இல்லாத வீட்டில் பிள்ளைகளுக்கான மாத உதவிக்கு ஜேகேஎம், அதாவது நாம் சொல்லும் கெபாஜிக்கான். எங்கள் வட்டாரத்துக்கு அது கோல சிலாங்கூரில் இருக்கிறது. பத்திரம், ஐசி (அடையாள அட்டை) என்றால் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன். சம்பாதித்தவர் இறந்தாலோ முடமானாலோ முதலில் சொக்சோ. வேலை விபத்தாக இல்லாமல் நோயில் இறந்திருந்தாலும், சந்தா போதிய அளவு கட்டியிருந்தால் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. பிள்ளைக்கு 21 வயது வரை கிடைக்கும். முதல் பட்டப்படிப்பில் இருந்தால் படிப்பு முடியும் வரை. இது தர்மம் அல்ல, இறந்தவர் கட்டிய காசு.

அடுத்தது பிறப்புப் பத்திரம். தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். தவறவிட்டவர்கள் பயந்துகொண்டு பள்ளி வயது வரை தள்ளிப் போடுகிறார்கள். தாமதப் பதிவு என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் வருஷம் கூடக் கூட சாட்சியும் ஆதாரமும் தேடுவது கஷ்டம். பிரசவ வார்டு சீட்டு, கிளினிக்கில் தந்த தடுப்பூசிப் புத்தகம், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கல்யாணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். நம் ஆட்கள் கோயிலில் தாலி கட்டி, பந்தி போட்டு, ஆல்பமும் எடுத்துவிட்டு, பதிவை மட்டும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று விடுகிறார்கள். அப்பா குடியுரிமை உள்ளவர், அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை என்றால், பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை அம்மாவின் நிலையைத்தான் பெறும். அதாவது மலேசியரின் பிள்ளை மலேசியர் இல்லாமல் போகிறது. பிறகு பதிந்தாலும் அது தானாகச் சரியாவதில்லை. பிள்ளைக்கு வயது ஏற ஏற விண்ணப்ப வாசலும் குறுகுகிறது. இப்படிப்பட்ட வழக்குகளை டிரா மலேசியா என்ற அமைப்பு பல வருஷங்களாகக் கையாள்கிறது. ஏஜெண்டிடம் ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பதற்குமுன் அவர்களிடம் பேசுங்கள். ஜேகேஎம் பாரத்துக்கும் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

"கெபாஜிக்கானைக் கூப்பிட்டால் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்ற பயம் லயன் வீட்டுக் காலத்திலிருந்து இருக்கிறது. இந்தப் பயத்தால் அடி வாங்கும் பிள்ளையும், அதைவிட மோசமான கொடுமைக்கு ஆளாகும் பிள்ளையும் வாய் மூடிக் கிடக்கிறார்கள். 2001 சிறுவர் சட்டத்தின்படி, ஆபத்தில் இருக்கும் பிள்ளையை அதிகாரி தற்காலிகமாக அழைத்துப் போனால் 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோக வேண்டும். அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் தெரிவிக்கும் கடமை குடும்பத்தாருக்கே சட்டப்படி உண்டு. அரசின் உதவி அழைப்பு எண் தாலியான் காசே 15999, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

பேச்சு வராத, படிப்பு ஏறாத பிள்ளையை "மூணு வயசுல சரியாயிடும், அஞ்சு வயசுல சரியாயிடும்" என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் வேண்டாம். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரிடம் காட்டுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பாட்டிமார் தடுப்பார்கள். அந்தக் கார்டு இருந்தால்தான் பல உதவிகளுக்கு வழி பிறக்கும். சமூக மறுவாழ்வு மையமான பிடிகே பல ஊர்களில் இருக்கிறது. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்பும் உண்டு. சிறு வயதில் தொடங்கும் பயிற்சிக்கு ஈடே கிடையாது.

இளைஞர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பதினாறு வயதுப் பையன் போலீசில் பிடிபட்டால் "ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று பெற்றவர்களே சொல்லிவிடுகிறார்கள். முதலில் வழக்கறிஞர் வேண்டும் என்று கேளுங்கள். தேசிய சட்ட உதவி அறவாரியமான ஒய்பிஜிகே மூலம் இலவசமாகக் கேட்கலாம். மனம் உடைந்து போயிருக்கும் பிள்ளைக்கு பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி ஆதரவு அமைப்பு இருக்கிறது, 03-76272929. ஒன்றும் கேட்காமல் காது கொடுப்பார்கள்.

இனி, விண்ணப்பித்த பிறகு நடக்கும் கதை. பாரத்தைக் கொடுத்துவிட்டு நகல் எடுக்காமல் வந்துவிடுவது. வாங்கிய அதிகாரியின் பெயரையும் தேதியையும் குறிக்காமல் விடுவது. ப்ரீபெய்டு நம்பரை மாற்றிவிட்டு ஆபீசுக்குச் சொல்லாமல் இருப்பது. அவர்கள் அழைப்பார்கள், லைன் இருக்காது, கோப்பு மூலைக்குப் போய்விடும். வீட்டைப் பார்க்க அதிகாரி வருவதாகச் சொன்னால் அன்றைக்கு வேலையில் அரை நாளாவது லீவு கேளுங்கள். வீட்டை உள்ளபடியே காட்டுங்கள். ஒழுகும் கூரைக்கு அடியில் வைத்த வாளியை அவர் வருகிறார் என்று ஒளித்து வைக்க வேண்டாம். ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) ஆபீசில் சொல்லி வைப்பதில் தப்பில்லை, ஆனால் அதையே விண்ணப்பம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

அந்தத் தங்கச்சியின் டின்னில் இருந்ததை அன்றைக்கே இரண்டு கட்டாகப் பிரித்தோம். ஒன்று சொக்சோவுக்கு, இன்னொன்று ஜேகேஎம்முக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல். டின் மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, எந்த ஆபீஸ், எந்தத் தேதி, யாரிடம் என்று எழுதச் சொன்னேன். முதல் வரியை மூத்த பையனே எழுதினான்.