ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு மாறும் பழைய செயலிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஒரு கோயில் நிர்வாகத்துக்காக எங்கள் சிறு குழு, ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் எழுதிக் கொடுத்த செயலியில், பால்குடத்துக்குப் பதிவு செய்த பக்தர்களின் கியூஆர் சீட்டைத் தொண்டர்கள் ஸ்கேன் செய்யும் திரை ஒன்று இருந்தது. ஆண்டு முழுவதும் அதை யாரும் திறப்பதில்லை. தைப்பூசத்தை ஒட்டிய சில நாள்களில் மட்டுமே அதற்கு வேலை. சப்போர்ட் லைப்ரரிகள் என்ற கூகுளின் பழைய துணைநிரல் தொகுப்புகளிலிருந்து, அவற்றின் இடத்துக்கு வந்த ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு அந்தச் செயலியை மாற்றி, பிழையின்றி பில்ட் ஆனதை, அதாவது மூலநிரல் ஓடும் செயலியாக உருவானதைப் பார்த்து, நன்கொடை, அறிவிப்பு, நாள்காட்டி என வழக்கமான திரைகளையெல்லாம் சோதித்த பிறகே வெளியிட்டோம். சில மாதங்கள் கழித்து, தைப்பூசத்துக்கு முந்தைய மாலை ஒத்திகைக்காகத் தொண்டர்கள் அந்தத் திரையைத் தொட்டதும் செயலி மூடிக்கொண்டது. ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் மாற்றப்படாமல் கிடந்த ஒரே ஒரு பழைய பெயர்தான் காரணம். மறுநாள் விடியற்காலையில் அச்சிட்ட பெயர்ப்பட்டியலை வைத்துத்தான் பக்தர்களைச் சரிபார்த்தார்கள்.

2018ஆம் ஆண்டு மே மாதம் கூகுள் ஆண்ட்ராய்டு எக்ஸை அறிவித்தது. பழைய சப்போர்ட் லைப்ரரியின் கடைசி முக்கிய வெளியீடான 28.0.0 அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. அந்த 28.0.0க்கும் ஆண்ட்ராய்டு எக்ஸின் 1.0.0க்கும் இடையே பெரும்பாலும் பெயர்கள் மட்டுமே வேறு. உள்ளே இருக்கும் நிரல் ஒன்றுதான். ஆகவே இந்த வேலையைப் பெயர் மாற்றும் வேலையாக மட்டும் பார்க்க வேண்டும். மூலநிரலைக் கணினிக்கான நிரலாக மாற்றும் கம்பைலருக்குத் தெரியும் பெயர் தவறாக இருந்தால் பில்ட் நிற்கும், நாமும் திருத்திவிடுவோம். கம்பைலருக்குத் தெரியாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும் பெயர்களே ஆபத்தானவை. நான் பார்த்த பிழைகளில் மிகுந்த நேரத்தைத் தின்றவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

செயலியின் பகுதிகளை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில், பிற செயலிகளுடன் கோப்புகளைப் பகிரும் ஃபைல்புரொவைடர் பழைய பெயரிலேயே இருந்தால், செயலி திறக்கும்போதே அந்த கிளாஸ் (அப்பெயருள்ள நிரல் பகுதி) கிடைக்கவில்லை என்று விழும். இது உடனே கண்ணில் படுவதால் அதிகக் கேடில்லை. திரையின் அமைப்பைச் சொல்லும் லேஅவுட் கோப்பில் கோஆர்டினேட்டர்லேஅவுட் போன்ற விட்ஜெட் பழைய பெயரில் இருந்தால், அந்தத் திரை திறக்கப்படும் வரை எதுவும் தெரியாது. எங்களுக்கு நேர்ந்தது இதுதான். ஜாவா, கோட்லின் கோப்புகளில் மட்டும் தேடி மாற்றிவிட்டு, எக்ஸ்எம்எல் கோப்புகளை விட்டுவிட்டோம். செயலியைச் சுருக்கும்போது எதை நீக்கக் கூடாது என்று சொல்லும் புரோகார்டு விதிகளில் பழைய பெயர் மிஞ்சியிருப்பது இன்னும் நுட்பமான சிக்கல். இதை நீக்காதே என்று எழுதி வைத்த விதி, அந்தப் பெயரில் இப்போது கிளாஸே இல்லாததால், எதையும் காப்பாற்றாமல் சும்மா இருக்கும். சோதனைக்கான டீபக் பில்ட் நன்றாக ஓடும். வெளியிடுவதற்காகச் சுருக்கப்பட்ட ரிலீஸ் பில்டில் மட்டும் செயலி விழும். எனவே சோதனை முழுவதையும் ரிலீஸ் பில்டில் செய்வதுடன், ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் திரைகளையும் ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும்.

அதற்காகப் புராஜெக்ட் முழுவதும் ‘ஆண்ட்ராய்டு.சப்போர்ட்’ என்று தொடங்குவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடவும் கூடாது. ஃபைல்புரொவைடருக்கான பாதைகளைக் காட்டும் மெட்டாடேட்டாவின் பெயர் ஆண்ட்ராய்டு எக்ஸிலும் பழையபடி ‘சப்போர்ட்’ என்றே இருக்கிறது. அதையும் சேர்த்து மாற்றினால், மெட்டாடேட்டாவைக் காணவில்லை என்று செயலி நின்றுவிடும். தேடலில் அகப்படும் ஒவ்வொரு வரியையும் மனிதக் கண் ஒருமுறை பார்ப்பதற்கு அரை நாள் ஆனாலும் அது வீணான அரை நாள் அன்று.

பழையதும் புதியதும் ஒரே செயலியில் கலந்துவிட்டால், ஆப்காம்போனன்ட்ஃபாக்டரி என்ற அட்ரிபியூட்டுக்கு இரு வேறு மதிப்புகள் இருப்பதாகக் கூறி செயலியின் மேனிஃபெஸ்டையும் லைப்ரரிகளின் மேனிஃபெஸ்டுகளையும் ஒன்றாக்கும் இணைப்பு நின்றுவிடும். அந்தப் பிழைச்செய்தியே ‘டூல்ஸ் ரீபிளேஸ்’ என்ற வரியைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கும். பலரும் அதைச் சேர்த்து, பிழை மறைந்ததும் நிம்மதி அடைகிறார்கள். அது தவறு. அந்த வரி புகார் சொல்லும் வாயை அடைக்கிறதே தவிர, இரண்டு லைப்ரரிகளும் உள்ளே கலந்து கிடப்பதை மாற்றுவதில்லை. அடுத்து டூப்ளிகேட் கிளாஸ் பிழையாகவோ, செயலி ஓடும்போது விழும் பிழையாகவோ அது திரும்பி வரும். செயலியை பில்ட் செய்யும் கருவியான கிரேடிலிடமிருந்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் டிபெண்டன்சி பட்டியலை எடுத்து, பழைய லைப்ரரியை எந்தப் பேக்கேஜ் இழுத்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பேக்கேஜைப் புதுப்பிப்பதே சரியான வழி.

பதிப்பு எண்ணுக்குப் பதிலாகக் கூட்டல் குறியைப் போட்டு, கிடைக்கும் புதிய பதிப்பை எடுத்துக்கொள் என்று விட்டுவிடும் பழக்கத்தின் விலையை 2019 ஜூன் 17 அன்று பலரும் கண்டார்கள். அன்று கூகுள் பிளே சர்வீசஸ், ஃபயர்பேஸ் லைப்ரரிகள் ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு மாறிய பதிப்புகளாக வெளிவந்தன. முந்தைய நாள் வரை பில்ட் ஆகிக்கொண்டிருந்த எத்தனையோ செயலிகள், ரியாக்ட் நேட்டிவிலும் அதைப் போன்ற ஃபிளட்டர், கோர்டோவாவிலும் எழுதப்பட்டவை, ஒரு வரிகூட மாற்றப்படாமலேயே மறுநாள் உடைந்தன. பல வேளைகளில் அந்தக் கூட்டல் குறி நம் கோப்பில் இருப்பதில்லை, நாம் பயன்படுத்தும் பிளகின் ஒன்றின் உள்ளே இருக்கும். ஆகவே அங்கேயும் தேட வேண்டும். பழைய லைப்ரரிகளின் பதிப்புகள் எல்லாம் ஒரே எண்ணாக இருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு எக்ஸில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனித்தனி எண். அனைத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும் பழைய பழக்கம் இங்கே செல்லாது.

பழைய பெயர்களைப் புதியவையாக மாற்றும் ஜெட்டிஃபையர் என்ற கருவியை இயக்கினாலே எல்லாம் மாறிவிடும் என்ற தவறான நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே கம்பைல் ஆன ஏஏஆர், ஜார் எனும் லைப்ரரி கோப்புகளுக்குள் இருக்கும் பெயர்களைத்தான் அது பில்ட் நேரத்தில் மாற்றுகிறது. மூலநிரலாக வரும் எதையும் அது தொடுவதில்லை. ரியாக்ட் நேட்டிவ் பிளகின்கள் பெரும்பாலும் மூலநிரலாகவே வருவதால், அவற்றுக்கென்று அதே பெயரில் தனியாக ஒரு கருவி, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் வழியாகக் கிடைப்பது, உருவானது. இவ்விரண்டின் வேறுபாடு தெரியாமல், கிரேடில் அமைப்பில் ஜெட்டிஃபையரை இயக்கிவிட்டோமே, இன்னும் ஏன் பிழை வருகிறது என்று கோலாலம்பூரில் என்னிடம் கேட்ட இளைஞர்கள் பலர். மாற்றம் முடிந்த பிறகும் அதை நிரந்தரமாக இயக்கியே வைப்பது பில்ட் நேரத்தை வீணாக்கும். அது இன்னும் தேவைதானா என்பதை ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பில்ட் அனலைசர் சொல்லிவிடும்.

அவசரத்தில், பேக்கேஜ்கள் இறக்கி வைக்கப்படும் இடங்களான நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள்ளேயோ ஃபிளட்டரின் பப் கேஷுக்குள்ளேயோ நேரடியாகத் திருத்துவது இன்னொரு கெட்ட பழக்கம். அத்திருத்தம், நிரல் மாற்றங்களைப் பதிந்து குழுவுடன் பகிரும் கிட்டில் சேராது. அடுத்த முறை பேக்கேஜ்களை நிறுவும்போது மறைந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவரின் கணினியில் பில்ட் ஆவது, பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருந்து வேலை செய்பவரின் கணினியில் ஆகாது. திருத்தம் தவிர்க்க முடியாததானால், பேட்ச் கோப்பாக எழுதிப் புராஜெக்டுடன் சேர்த்து வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு என்று நான் கருதுகிறேன். ரியாக்ட் நேட்டிவ் 0.60, ஆண்ட்ராய்டு எக்ஸுக்கு மாறிய அதே பதிப்பில் பிளகின்களைத் தானாக இணைக்கும் ஆட்டோலிங்கிங்கையும் கொண்டு வந்தது. அதோடு, செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை இலக்காகக் கொண்டது என்று சொல்லும் டார்கெட் எஸ்டிகேயையும் உயர்த்தினால், பிழை எதனால் வந்தது என்று பிரித்தறிய வழியே இருக்காது. முதலில் பழைய லைப்ரரிகளை 28.0.0க்கு உயர்த்தி, ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு பெயர்களை மட்டும் மாற்றி, சோதித்து, தனி கமிட்டாகப் பதியுங்கள். அதன் பின்னரே பதிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பை வைத்துக் கம்பைல் செய்வது என்று சொல்லும் கம்பைல் எஸ்டிகேயும் டார்கெட் எஸ்டிகேயும் ஒன்றன்று என்பதையும் மனத்தில் வையுங்கள்: புதிய லைப்ரரிகள் கேட்பது முன்னதை, பின்னதை உயர்த்தினால் செயலி கைப்பேசியில் நடந்துகொள்ளும் விதமே மாறும். மைக்ரோசாஃப்டின் சமாரினில் எழுதப்பட்ட செயலிகளுக்கு இந்த வரிசை போதாது. அதற்கான ஆதரவு 2024 மே 1 அன்று முடிந்துவிட்டதால், ஆண்ட்ராய்டு எக்ஸோடு நில்லாமல் சமாரினின் வாரிசான டாட்நெட் மாவிக்குச் செல்லத் திட்டமிட வேண்டும்.

பணம் செலுத்தும் வசதிக்காக நிறுவனங்கள் ஏஏஆர் கோப்பாகக் கொடுக்கும் எஸ்டிகே எனும் நிரல் தொகுப்புகளைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். அவற்றை நம்மால் திருத்த முடியாது; புதிய பதிப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வர வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். எனவே வேலையின் முதல் நாளே அந்த மின்னஞ்சல் போக வேண்டும். ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்குப் பிந்தியதையோ இலக்காகக் கொண்ட புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 16 கேபி மெமரி பேஜ்களுக்கு (நினைவகத் துண்டுகளுக்கு) ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் கூகுள் பிளே கேட்பதால், அந்த எஸ்டிகேயினுள் இருக்கும், சி, சி++ போன்ற மொழிகளிலிருந்து கம்பைல் ஆன நேட்டிவ் கோப்புகள் அதற்கும் ஏற்றவையா என்பதை அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

பதிப்புகளை ஏற்றும்போது, செயலி ஓடக்கூடிய மிகப் பழைய ஆண்ட்ராய்டைக் குறிக்கும் குறைந்தபட்ச எஸ்டிகேயையும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் 14ஆக இருந்த அந்த எல்லை ஆண்ட்ராய்டு எக்ஸின் பிந்திய வெளியீடுகளில் 19, 21, 23 என்று படிப்படியாக உயர்ந்தது. கோயில் செயலியைப் பயன்படுத்தும் முதியவர்களில் பலரிடம் இருப்பது பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைப்பேசி. எந்தப் பதிப்புக் கைப்பேசியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, செயலி வெளியிடுவோருக்குக் கூகுள் தரும் பிளே கன்சோல் காட்டுகிறது. அந்த எண்ணிக்கையை நிர்வாகத்திடம் காட்டி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே எல்லையை உயர்த்துங்கள்.